நாம் ஒப்பமிடாத உடன்படிக்கைகள்

கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாற்று நூலின் நீண்ட தலைப்பிலேயே ஒரு சொல் கிடக்கின்றது. பழங்காலந் தொட்டு, 1801-இல் இம் மாவட்டம் ஆங்கில அரசுக்கு விட்டுக்கொடுக்கப்பெற்றது வரையிலான வரலாறு என்பது அத் தலைப்பின் பொருள். வடமொழியின் துணையின்றித் தமிழ் தனித்து இயங்கவல்லது என்று உலகறிய எழுதிய அப் பெருமகனார்மீது நமக்குள்ள மதிப்பு என்றும் குறையாது. ஆயினும் அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக நம்மால் இயலவில்லை. விட்டுக்கொடுத்தவன் யாவன்? எவனுடைய நிலத்தை அவன் விட்டுக்கொடுத்தான்? எந்த மொழியில் எழுதி ஒப்பமிட்டான்?

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இக் கேள்வியைக் கேளாதிருக்க முடியாது. கோட்டையின் வாயில்கள் மட்டும் எஞ்சி, அவற்றினூடே பேருந்தும் மிதிவண்டியும் போகின்ற இவ்வூரில்தான் ஊமைத்துரையும் அவனைச் சார்ந்தோரும் சிறையிருந்தனர். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் அவர்கள் சிறையினின்று தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக்கு விரைந்ததும், இடிந்து கிடந்த கோட்டையைச் சில நாள்களிலேயே மண்ணால் மீண்டும் எழுப்பியதும், மார்ச்சு இறுதியில் அதைத் தாக்கிய கும்பினிப் படை தோற்று மீண்டதும், மே 24-இல் அக்கினியூவின் பெரும்படை வந்த பின்னரே அக் கோட்டை வீழ்ந்ததும் நெல்லைச் சீமையார் அறிந்த செய்திகளே. நாம் இங்கே சொல்ல வருவது அப் போரைப் பற்றியன்று. அப் போருக்கு முன்னும் நடுவிலும் எழுதப்பெற்ற தாள்களைப் பற்றி.

ஆர்க்காட்டு நவாபு முகமதலி கும்பினிக்கும் கும்பினியின் ஊழியர்க்கும் பட்ட கடனில் மூழ்கிக் கிடந்தான். 1792 சூலை 12-இல் கார்ன்வாலிசு காலத்தில் எழுதப்பெற்ற உடன்படிக்கையின்படி, தென்பாண்டிப் பாளையக்காரரிடமிருந்து திறை தண்டும் உரிமையைக் கும்பினி கைக்கொண்டது. தண்டுவது நவாபின் பெயரால். தண்டிய பணம் நவாபு கும்பினிக்குத் தரவேண்டிய கணக்கில் வரவு. கடன்பட்டவன் ஒருவன், கடன்கொடுத்தவன் ஒருவன், கணக்கைத் தீர்க்கக் கைகொடுக்க வேண்டியவன் மூன்றாமவன். அந்த மூன்றாமவனை யாரும் அழைக்கவில்லை. அவன் மொழியில் ஒருவரி எழுதவில்லை. ஆங்கிலம் ஒருபுறம், நவாபின் அரண்மனை மொழியாகிய பாரசீகம் மறுபுறம். பொருநைக் கரையில் பேசப்படும் மொழிக்கு அத் தாளில் இடமில்லை.

இதில் ஒரு சொல்லின் பொருளைக் கூர்ந்து நோக்குக. திறை என்று நாம் சொல்வதைப் பாரசீகத்தார் பேசுகுசு என்றனர். ஆங்கிலேயர் தம் கணக்கேட்டில் அதையே எழுதிக்கொண்டனர். பாளையக்காரன் அறிந்த திறை என்பது மேலாண்மையை ஒப்புக்கொண்டு ஆண்டுதோறும் கொடுப்பது. கொடுத்தபின் தன் பாளையத்தில் காவலும், வழக்குத் தீர்ப்பும், படையும் அவனுடையனவே. ஊர்க்காவலுக்கும் நாட்டுக்காவலுக்கும் உரிய வருவாயும் அவனுடையதே. கும்பினியின் கணக்கேட்டில் அதே சொல் வேறொன்றாகி விட்டது. குறித்த நாளில் குறித்த தொகை, தவறினால் நிலுவை, நிலுவை நின்றால் கீழ்ப்படியாமை, கீழ்ப்படியாமைக்குத் தூக்குமரம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. எந்தப் பொருள் செல்லும் என்பதைக் கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-ஆம் நாள் பானர்மன் முடிவு செய்தான். அதன்பின் கோட்டைகளை இடித்துத் தள்ளவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. காவலுரிமையும் பறிபோயிற்று. 1959-இல் வந்த திரைப்படத்தின் உரையாடலை நெட்டுருச் செய்து மேடைதோறும் முழங்குவோர் பலர் உளர். கட்டபொம்மன் மறுத்தது பணத்தையா, பணத்துக்குப் பின்னால் நுழைந்த பொருளையா என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

பாளையக்காரர் எல்லாரும் குற்றமற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களுள் தமிழரும் இருந்தனர், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இருந்தனர். உழவரை வருத்தியோரும் இருந்தனர். எட்டையபுரத்தார்போல் கும்பினியோடு நின்றோரும் இருந்தனர். ஆனால் நிலத்தின் உரிமையைப் பற்றிப் பேச, நிலத்தில் இருந்தவர்கள் அவர்களும் அவர்கள்கீழ் உழுது வாழ்ந்த குடிகளுமே அன்றிச் சேப்பாக்கத்து அரண்மனையில் இருந்தவன் அல்லன்.

இனி 1801-ஆம் ஆண்டைப் பாருங்கள். அவ்வாண்டில், ஒன்றரைத் திங்கள் இடைவெளியில், இரண்டு தாள்கள் எழுதப்பெற்றன. முதலாவது சூன் 16-இல் மருது பாண்டியர் பெயரால் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் தமிழில் ஒட்டப்பெற்ற அறிக்கை. அயலானுக்கு இடங்கொடுத்த நவாபின் அறியாமையை இடித்துரைத்து, எல்லாச் சாதியாரும் ஒன்றுபட்டு எழுக என்று அது அழைத்தது. இரண்டாவது சூலை 31-இல் சென்னையில் ஒப்பமாகிய உடன்படிக்கை. நவாபு உம்தத்துல் உமரா சூலை 15-இல் இறந்தான். அவன் மகன் அலி உசேன் கும்பினி நீட்டிய தாளில் ஒப்பமிட மறுத்தான். மறுத்தவனை ஒதுக்கிவிட்டு, ஒப்பமிட இசைந்த அசீமுத்தௌலாவை நவாபாக்கினர். அவன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தனக்கு வாங்கிக்கொண்டு, ஆட்சி முழுவதையும் எட்வர்டு கிளைவிடம் எழுதிக் கொடுத்தான். அன்று தென்பாண்டி நாடும் சிவகங்கைச் சீமையும் படைக்கலம் ஏந்தி நின்றன; காளையார்கோயில் இன்னும் வீழவில்லை. அக்டோபர் 1-இல்தான் அது வீழ்ந்தது. போரில் நிற்கும் நாட்டை, அந் நாட்டில் கால்வையாத ஒருவன், அறையில் அமர்ந்து கொடுத்தான்; ஏட்டில் அதற்கு 'விட்டுக்கொடுப்பு' என்று பெயர். மருதிருவர் அக்டோபர் 24-இல் தூக்கிலிடப்பெற்றனர். ஊமைத்துரை நவம்பர் 16-இல். எழுபதுக்கு மேற்பட்டோர் 1802-இல் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பெற்றனர். தமிழ்த்தாள் மதிலிலிருந்து கிழிக்கப்பட்டது. ஆங்கிலத்தாள் சட்டமாயிற்று.

இதைப் படிக்கும் அன்பர் சிலர், நடந்து முடிந்ததைக் கிளறுவதால் என்ன பயன் என்று கேட்கக்கூடும். அவர்களுக்காகவே உலகின் தென்கோடியில் உள்ள நியூசிலாந்துக்கு ஒருமுறை போய்வருவோம். அங்கே நமக்குரிய தடயம் ஒன்றும் உண்டு.

வில்லியம் கோலன்சோ என்னும் ஆங்கிலேயர் அங்கே அச்சுத்தொழில் செய்ய வந்தவர். அவரை அனுப்பியது, இரேனியசு ஐயரை 1820-இல் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய அதே சி.எம்.எசு. கழகம்தான். மாவோரிப் பெண்டிர் கிழங்கு வேகவைக்கும் ஏனமாக வைத்திருந்த வெண்கலப் பொருள் ஒன்றை அவர் கண்டார். அது உடைந்த மணி. அதன் விளிம்பில் எழுத்து இருந்தது. எழுத்து தமிழ். முகையதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி என்று அது சொல்லிற்று. இன்றும் அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதை வைத்துக்கொண்டு, நியூசிலாந்தைத் தமிழனே முதலிற் கண்டான் என்று எழுதுவோர் உளர். நாம் அவ்வாறு எழுதோம். மணி எவ்வழியாக அங்குச் சேர்ந்தது என்பதற்குச் சான்றில்லை. நம் கடலோரத்து முகமதியத் தமிழர் தம் கப்பல் மணியில் அரபியில் எழுதாது தமிழில் எழுதினர் என்பதே நமக்குப் போதிய பெருமை.

அந்தக் கோலன்சோவே 1840 பிப்ரவரி 6-ஆம் நாள் வைத்தாங்கி என்னும் இடத்தில் நின்றார். ஆங்கில அரசியின் பேராளன் ஆப்சனும் மாவோரித் தலைவர்களும் உடன்படிக்கைக்கு ஒப்பமிட்ட நாள் அது. அதை மாவோரி மொழியில் ஆக்கியவர் என்றி வில்லியம்சு என்னும் மற்றொரு சி.எம்.எசு. தொண்டர், தம் மகனைத் துணைக்கொண்டு ஓரிரவில் ஆக்கி முடித்தார். ஆங்கிலத் தாளின் முதற்பிரிவு, தலைவர்கள் தம் முழு இறையாண்மையையும் அரசிக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்கின்றது. மாவோரித் தாளில் அவ்விடத்தில் நிற்பது 'கவனதங்க' என்னும் சொல். ஆங்கிலத்தில் ஆளுநரைக் குறிக்கும் சொல்லை மாவோரி நாவுக்கேற்பத் திரித்து ஆக்கிய புதுச்சொல் அது. மாவோரி விவிலியத்தில் பிலாத்து வகித்த ஆளுநர் பதவியோடு வந்த சொல். ஆளுநன் ஒருவன் இருந்து மேற்பார்ப்பான் என்பதே அதனால் அவர்கள் கொண்ட பொருள். இரண்டாம் பிரிவில் ஆங்கிலம் நிலம், காடு, மீன்பிடி ஆகியவற்றின் இடையூறற்ற உடைமையைத் தருகின்றது. மாவோரித் தாளோ நிலத்தின்மீதும் ஊர்களின்மீதும் அருஞ்செல்வங்கள் அனைத்தின்மீதும் 'தினோ ரங்கதிரதங்க'வை, அஃதாவது தலைமையுரிமை முழுவதையும் அவர்களிடமே விடுகின்றது.

இறையாண்மைக்கு மாவோரியில் சொல்லில்லையோ எனின், உண்டு. ஐந்தாண்டுகட்கு முன், 1835-இல், வடபகுதித் தலைவர்கள் தம் விடுதலையை உலகுக்கு அறிவித்த தாளில் 'மன' என்னும் சொல் அப்பொருளில் நின்றது. அத் தாளின் மொழிபெயர்ப்பிலும் வில்லியம்சின் கை இருந்தது. 1840-இல் அச்சொல்லை அவர் எடுக்கவில்லை. அதை எழுதியிருந்தால் ஒருவனும் ஒப்பமிட்டிருக்க மாட்டான் என்பது அறிஞர் பலரின் கருத்து. வேண்டுமென்றே செய்தாரா, விரைவில் நேர்ந்ததா என்று இன்றும் வழக்காடுகின்றனர். ஓரிரவில் நேர்ந்த பிழை எப்போதும் வலியவன் பக்கமே சாய்வதை நாம் நம் ஊரிலும் கண்டிருக்கின்றோம்.

முதல் தலைவனை ஒப்பமிட அழைத்தபோது கோலன்சோ எழுந்து, இம் மக்கள் இதன் பொருளை உணர்ந்துளரா என்று ஆப்சனைக் கேட்டார். தன்னால் ஆனதைத் தான் செய்துவிட்டதாகச் சொல்லி ஆப்சன் அமைந்தான். ஒப்பமிடல் தொடர்ந்தது. முதலில் ஒப்பமிட்ட ஓனே எக்கே என்னும் அத் தலைவனே 1844, 1845-ஆம் ஆண்டுகளில் ஆங்கிலக் கொடிமரத்தை மீண்டும் மீண்டும் வீழ்த்திப் போர் தொடுத்தான் என்பது அக் கேள்விக்குக் கிடைத்த மறுமொழி. அவ்வாண்டில் நாடெங்கும் ஒப்பமிட்டோர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவர். அவருள் ஆங்கிலத் தாளில் ஒப்பமிட்டவர் நாற்பதின்மர்கூட இல்லை. ஏனையோர் ஒப்பமிட்டது தம் மொழித் தாளில்.

அதுவே பின்னாளில் அவர்களைக் காத்தது. உடனே காத்தது என்று எண்ணிவிட வேண்டா. நிலத்தின் பெரும்பகுதி போராலும் விலையாலும் சட்டத்தாலும் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. 1877-இல் ஒரு தலைமை நடுவன் அவ்வுடன்படிக்கையை ஒன்றுமில்லாத வெறுந்தாள் என்றே தீர்ப்பெழுதினான். பள்ளியில் தம் மொழி பேசிய மாவோரிக் குழந்தைகள் அடிபட்டனர். ஆனால் தாள் இருந்தது. அதில் அவர்கள் சொல் இருந்தது. 1975-இல் பினா கூப்பர் என்னும் ஏறத்தாழ எண்பது அகவை மூதாட்டி வடகோடியிலிருந்து வெலிங்டன் வரை மக்களை நடத்திச் சென்றார். அவ்வாண்டே வைத்தாங்கி ஆயம் சட்டத்தால் அமைந்தது. இரு மொழித் தாள்களையும் ஒருங்கு வைத்துப் பொருள் காண்பது அதன் கடமையென விதிக்கப்பெற்றது. 1985-இல், அவ்வாயம் 1840 வரை பின்சென்று முறையீடுகளை ஆராயலாம் என்று சட்டம் விரிந்தது.

நம்மனோர் உற்றுக் கேட்கவேண்டிய இடம் இதுதான். இரண்டாம் பிரிவில் உள்ள அருஞ்செல்வம் என்னும் சொல்லுக்கு மாவோரியில் 'தாவொங்கா' என்று பெயர். நிலமும் மீனும் மட்டுமல்ல, எம் மொழியும் எமக்குத் தாவொங்காவே, அதைக் காப்பதாக அரசி ஒப்பமிட்டுள்ளாள் என்று அவர்கள் ஆயத்தில் வழக்கிட்டனர். 1986-இல் ஆயம் அதை ஒப்புக்கொண்டது. 1987-இல் மாவோரி அந் நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. ஆங்கிலத் தாள் ஒன்றே இருந்திருந்தால், காடு, மீன்பிடி என்ற பட்டியலில் மொழியை எங்கே தேடியிருப்பர்? மொழி தாளைக் காத்தது; தாள் மொழியைக் காத்தது. 2014-இல் ஆயம் மேலும் ஒருபடி சென்று, 1840 பிப்ரவரியில் ஒப்பமிட்ட வடபகுதித் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்றே கண்டது. அரசு அதை ஏற்கவில்லை. உடன்படிக்கைக் கொள்கைகளுக்குப் புதுப்பொருள் கூற 2024-இல் கொணர்ந்த சட்டமுன்வரைவை எதிர்த்துப் பல்லாயிரவர் நடந்து நாடாளுமன்ற முற்றத்தை நிறைத்தனர். 2025 ஏப்பிரல் 10-இல் 112 பேர் எதிர்க்க, 11 பேரே சார்ந்து நிற்க, அம் முன்வரைவு வீழ்ந்தது. வழக்கு முடியவில்லை. முடியாத வழக்கு இருப்பதே ஒரு பேறு. நமக்கு வழக்கிடத் தாளே இல்லை.

1792-க்கும் 1801-க்கும் தமிழ்த்தாள் இல்லை என்பது கிடக்கட்டும். அது அயலான் செய்தது. வெள்ளையன் போனபின் என்ன நடந்தது? 1964 அக்டோபர் 30-இல் தில்லியும் கொழும்பும் கூடி, மலையகத் தமிழர் 9 இலக்கத்து 75 ஆயிரவரைப் பங்கு பிரித்தன: 5 இலக்கத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலக்கம் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலக்கம் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து அந்த ஒன்றரை இலக்கத்தையும் ஆளுக்குப் பாதியாக அறுத்துக்கொண்டனர். நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் போன பாட்டனின் பேரர்கள், தேயிலை மூட்டையைப்போல் எண்ணிப் பகுக்கப்பெற்றனர். அவர்களுள் ஒருவரேனும் அத் தாளில் ஒப்பமிட்டாரா?

கச்சத்தீவும் அவ்வாறே. 1974 சூன் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் வழிபாட்டுக்குச் செல்வோரும் முன்போலவே கடவுச்சீட்டின்றி அத் தீவுக்குச் சென்றுவரலாம் என்றது. ஆறாம் பிரிவு, இருநாட்டுக் கலங்களும் வழிவழி உரிமைகளைத் துய்க்கும் என்றது. 1976-இல் மாறிக்கொண்ட மடல்களோ, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடித்தல் ஆகாது என்றன. அன்றுதொட்டுச் சென்றுவருதல் என்றால் என்ன என்பதே வழக்கு. வலையை உலர்த்தலாம், அந்தோணியார் விழாவுக்குப் போகலாம், மீன்பிடிக்க மட்டும் கூடாது என்பது அரசுகள் கொள்ளும் பொருள். முன்போல என்ற சொல்லுக்குள் பாட்டன் காலத்து மீன்பிடிப்பும் அடங்கும் என்பது மீனவன் கொள்ளும் பொருள். திறைக்கு நேர்ந்ததே இச்சொல்லுக்கும் நேர்ந்தது. இத்துணைக்கும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் இசைவை யாரும் கேட்டிலர்.

தொலைவில் உள்ளவற்றை விடுங்கள். நம் பொருநை ஆற்று நீரைக் கங்கைகொண்டான் தொழிற்பேட்டைக் குளிர்பான ஆலைகட்குக் கொடுக்கின்ற வழக்கு மதுரைக்குச் சென்றது. உயர்நீதிமன்றம் எனப்பெறும் உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது; 2017 மார்ச்சில் அதை நீக்கியது. தீர்ப்பின் சரிபிழையை நாம் இங்கு ஆராயவில்லை. கடைமடையில் வாழை வாடக் காத்திருந்த உழவன் அம் மன்றத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து, தன் ஆற்றைப்பற்றி இருதரப்பாரும் பேசிய பேச்சில் ஒரு தொடரும் விளங்காமல் திரும்பினான் என்பதையே சொல்கின்றோம். 2004-இல் அக் கிளை திறந்தபோது, நெல்லையாருக்குச் சென்னைப் பயணம் மிச்சம் என்று மகிழ்ந்தோம். வழிதான் குறைந்தது, மொழித் தொலைவு குறையவில்லை.

இதற்குச் சட்டத் தடையும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு மாநில மொழியை உயர் அறமன்றத்தில் வழங்கலாம் என்கின்றது. இராசசுத்தானுக்கு 1950-இலும், உத்தரப் பிரதேசத்துக்கு 1969-இலும், மத்தியப் பிரதேசத்துக்கு 1971-இலும், பீகாருக்கு 1972-இலும் இந்தியை வழங்க அவ்விசைவு கிடைத்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. உச்ச அறமன்றத்தின் முழு ஆயம் 2012-இல் அதை ஏற்க மறுத்தது. இதே 348-ஆம் பிரிவு சட்டங்களின் மூலம் ஆங்கிலத்தில் இருத்தல்வேண்டும் என்கின்றது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள மூன்று குற்றச் சட்டங்களின் பெயர்களோ வடமொழியில் உள்ளன. இந்திக்காரன் வேண்டும்போது பிரிவு வளைகின்றது. தமிழன் கேட்கும்போது நிமிர்ந்து நிற்கின்றது.

அரசைக் குறைகூறி முடித்துக்கொள்ள நாம் அணியமாயில்லை. நம் வீட்டுக்குள் நடப்பதென்ன? தாசில்தார் வட்டாட்சியர் ஆனதும், சமாபந்தி வருவாய்த் தீர்வாயம் ஆனதும் நம்மவர் ஓயாது இடித்துரைத்ததால்தான். ஆனால் பயிர்க்கடன் வாங்கப்போகும் உழவன் முன்னே பதினைந்து பக்க ஆங்கிலப் படிவம் வைக்கப்படுகின்றது. பென்சிலால் குறியிட்ட இடங்களிலெல்லாம் அவன் ஒப்பமிடுகின்றான். பட்டம் பெற்ற அவன் மகனும் அருகில் நின்று, போடுங்கள் அப்பா, எல்லாரும் போடுவதுதான் என்கின்றான். மருத்துவமனையில் அறுவைக்குமுன் இசைவுத்தாள், காப்பீட்டு முறி, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் உறுதிமொழி. எல்லாவற்றிலும் நம் பெயர் உண்டு, நம் மொழி இல்லை. அதிலும் அவ்வொப்பத்தையே ஆங்கிலத்தில் கிறுக்குவோர், தனித்தமிழ் அன்பரென்று நமக்கு மடல் எழுதுவோருள்ளும் சிலர் உளர்.

ஆகவே இத் திங்கள் அன்பர்களிடம் ஒன்று கேட்கின்றோம். எந்த அலுவலகத்தில் ஆங்கிலத் தாளை நீட்டினாலும், இதன் தமிழ்ப் படிவத்தைத் தருக, படித்துப் பார்த்து ஒப்பமிடுகின்றேன் என்று கேளுங்கள். சினமின்றிக் கேளுங்கள், எழுத்தாலும் கேளுங்கள். தமிழ்ப் படிவம் கிடைத்தால் அதில் தமிழில் ஒப்பமிடுங்கள். கிடைக்காவிடின், என்ன தாள், எந்நாள், என்ன மறுமொழி சொன்னார்கள் என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி நமக்கு விடுங்கள். வரும் இதழ்தொட்டு அம் மறுமொழிகளை இப் பக்கத்தில் அடுத்தடுத்து வெளியிடுவோம். முதல் அட்டையை இவ்வாசிரியனே பாளையங்கோட்டையிலிருந்து எழுதுவான்; சென்ற கிழமை அவனிடமும் ஒரு படிவம் நீட்டப்பெற்றது. அது இன்னும் ஒப்பமின்றி மேசைமேல் இருக்கின்றது.